கார்டை மாத்தினாச்சு, கொம்பியூட்டர் மாறல்ல

கிண்ணியாவில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுற எங்கட கூட்டாளி ஒருத்தன் புது கிராபிக்ஸ் கார்ட் ஒன்று வாங்கினான். சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்தே கொண்டுவந்தான். கார்டைப் பூட்டி, டிரைவர் போட்டு, ஒரு வீடியோவை எக்ஸ்போர்ட் கொடுத்தான். முந்தி முக்கால் மணித்தியாலத்தில் முடிஞ்ச வேலை, இப்ப இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுத்தது.

வாங்கின கடைக்குக் கோல் எடுத்தான். "ரெம் காணாது தம்பி, இன்னொண்டு போடுங்க." இன்னொரு கடையில் கேட்டான். "ப்ரொசெசர் பழசு, போர்டோட மாத்தணும்." தெரிஞ்ச நானா ஒருவர், "பவர் சப்ளையா இரிக்கும்" என்றார். மூன்று பேரும் மூன்று நோய் சொன்னார்கள், மருந்து மட்டும் ஒன்றுதான்: இன்னும் வாங்கு. எந்தக் கார்ட், எந்தப் போர்ட், எந்த வேலை பிந்துது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எங்கட கோபம் அங்கதான் தொடங்குது.

அவன் வாங்கியது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. ஏஎம்டி நிறுவனம் 2022 ஜனவரியில் 199 டொலருக்கு வெளியிட்ட கார்ட். வீடியோவைச் சுருக்கி எழுதுகின்ற என்கோடர் அதில் இல்லை. அதே சில்லு மடிகணினிகளுக்கும் போனது. அங்கே அந்த வேலையை ப்ரொசெசரோடு சேர்ந்திருக்கும் கிராபிக்ஸ் பார்த்துக்கொள்ளும். எங்கட கூட்டாளியின் பழைய இன்டெல் ஐ5இலும் அப்படித்தான். குயிக் சிங்க் என்ற பகுதி இத்தனை காலம் சத்தமில்லாமல் எக்ஸ்போர்ட் வேலையைச் செய்துகொண்டிருந்தது. புதுக் கார்டைப் பூட்டியதும் போர்ட் அந்த உள் கிராபிக்ஸைத் தானாகவே நிறுத்திவிட்டது. பல போர்டுகளின் வழக்கம் இது. வேலை தெரிஞ்சவனை வீட்டுக்கு அனுப்பியாச்சு, புதுசா வந்தவனுக்கு அந்த வேலை தெரியாது. முழுச் சுமையும் ப்ரொசெசர் தலையில்.

பயோஸுக்குள் போய் உள் கிராபிக்ஸைத் திரும்பவும் இயங்க விட்டோம். எக்ஸ்போர்ட் பழைய வேகத்துக்கு வந்தது. செலவு ஒரு சதமும் இல்லை. ஆனால் கவனியுங்கள், வந்தது *பழைய* வேகம்தான். கார்டுக்குக் கொடுத்த காசு திரும்பி வரவில்லை. வாங்க முன்னம் யாராவது ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும்.

இந்தக் கார்டில் இன்னொரு கதையும் இருக்கிறது. பிசிஐ எக்ஸ்பிரஸில் வழமையான கார்டுகள் 8 அல்லது 16 தடங்களில் ஓடும்; இது 4 தடங்களில் மட்டும். நான்காம் தலைமுறைப் போர்டில் ஓரளவு சமாளிக்கும். எங்கட ஊர் மேசைகளில் இருக்கும் மூன்றாம் தலைமுறைப் போர்டில் அந்த வழியும் பாதியாகக் குறையும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் எங்கட பெரியவர்கள் பட்டதுதான் இது. எவ்வளவு வேகமான வாகனத்தில் வந்தாலும், துறையடியில் நின்று பாதை வரும் வரைக்கும் காத்திருக்கத்தான் வேணும். வாகனத்தை மாற்றினால் துறை அகலுமா?

பெயரை நம்பியும் ஏமாறுகிறோம். என்விடியாவின் ஜிடி 1030 என்ற பெயரில் இரண்டு கார்டுகள் உண்டு. 2017இல் வந்ததன் மெமரி வேகம் செக்கனுக்கு 48 ஜிபி. 2018இல் டிடிஆர்4 மெமரியோடு வந்ததற்கு 16.8 ஜிபி. பெயர் அதே பெயர்தான். பழைய கார்டின் பயோஸை மாற்றி எழுதி, புதுப் பெயரில் விற்கும் மோசடியும் நடக்கிறது. அதைப் பிடிக்கவே ஜிபியு-இசட் மென்பொருள் 2018இல் தனி வசதி சேர்த்தது.

"கடைக்காரன் வியாபாரிதானே, வாங்குறவன்தான் தேடிப் பார்க்கணும்" என்பார்கள். பாதி சரி. ஆனால் காசின் பாரத்தையும் பாருங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவுக்குப் பக்கத்தில் நின்ற டொலர், மே மாதம் 360ஐத் தாண்டியது. வரியும் இலாபமும் சேராமலே அந்த 199 டொலர் கார்ட் 40,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவுக்கு மேல் ஏறியது. 2024இல் பெறுமதி சேர் வரியும் 18 வீதமானது. வாப்பா கட்டாரில் வெயிலில் நின்று அனுப்புற காசில் இது எத்தனை நாள் கூலி? அவ்வளவு காசை வாங்குகின்றவர், "என்ன வேலைக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்பது தர்மமல்ல, கடமை.

எங்கட பிழையையும் சொல்லத்தான் வேணும். யூடியூபில் ஒரு கார்ட் 120 பிரேம் ஓடுவதைப் பார்த்து வாய் பிளக்கிறோம். அவர்கள் கார்டை மட்டும் அளப்பதற்காக, இருப்பதிலேயே வேகமான ப்ரொசெசரில் போட்டு ஓட்டுகிறார்கள். அது சரியான முறைதான். அந்த இலக்கம் எங்கட பத்து வருசப் பழைய பிசிக்கும் வரும் என்று நம்புவதுதான் பிழை. கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்ற வெட்கத்தில் கடையிலும் வாய் திறப்பதில்லை. அந்த வெட்கத்துக்கும் சேர்த்துத்தான் பில் போடுகிறார்கள்.

ஆகவே காசை எடுக்க முன்னம் அளந்து பாருங்கள். மொனிட்டர் வயர் கார்டில் இருக்கிறதா, போர்டிலேயே கிடக்கிறதா? ரெம் ஒற்றைத் துண்டா, இரண்டு துண்டு சரியான இடத்தில் இருக்கிறதா? மொனிட்டர் 60 ஹேர்ட்ஸ், வீ-சிங்க்கும் போட்டிருந்தால் எந்தக் கார்ட் பூட்டினாலும் 60ஐத் தாண்டாது. வேலை ஓடும்போதே டாஸ்க் மனேஜரைத் திறந்து பாருங்கள். கார்ட் பாதிச் சுமையில் சும்மா இருந்து, ப்ரொசெசரின் ஒரு கோர் முழுசாக நிரம்பியிருந்தால் தடை ப்ரொசெசரில். டிஸ்க் 100 வீதத்தில் நின்றால் முதலில் எஸ்எஸ்டியைப் பற்றி யோசியுங்கள். இதற்கெல்லாம் இருபது நிமிசம் போதும்.

கடையில் பில் கேளுங்கள். "கிராபிக்ஸ் கார்ட் - 1" என்று கிறுக்கித் தந்தால் வாங்காதீர்கள். முழுப் பெயர், மெமரி வகை, தொடர் இலக்கம், உத்தரவாதக் காலம் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். பில் கேட்பது பிச்சை கேட்பதல்ல. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதற்காகவும்தான் இருக்கிறது. ஏமாற்றினால் 1977க்கு அழைக்கலாம்.

கடைக்கார நானாமாருக்கும் ஒரு சொல். நீங்கள் எங்கட ஆட்கள், நீங்கள் பிழைக்க வேணும் என்றுதான் நாங்களும் விரும்புகிறோம். விற்க முன்னம் பிசியைக் கொண்டுவரச் சொல்லி ஒருக்கா அளந்து பாருங்கள். "உனக்கு இது தேவையில்ல தம்பி" என்று ஒருவனை வெறுங்கையோடு அனுப்பிப் பாருங்கள். அடுத்த தரம் அவன் கொழும்புக்குப் பஸ் ஏற மாட்டான், உங்கட கடைக்குத்தான் வருவான்.