இல்லத்துப் பட்டறையும் இனிய தமிழும்

கருவிகளில் விருப்பமுள்ள பெற்றோரை நம் தமிழுலகம் இன்னும் சரிவர மதிக்கவில்லை. மாலை வேளையில் நூலொன்றைக் கையிலேந்தி அமர்ந்திருக்கும் தந்தையைக் கல்விமான் என்று போற்றுகின்றோம். பழைய வானொலியைப் பிரித்துவைத்து, திருகாணிகளைச் சிரட்டையிலிட்டு, அதன் முன்னே குந்தியிருக்கும் தந்தையையோ வேலையற்றவர் என்று நகைக்கின்றோம். கீழைத்தேயக் கல்லூரியில் இலக்கணம் பயின்று, வாழ்நாளைத் தமிழாசிரியனாகவே கழித்து வருபவன் நான். அந்நகைப்பு நியாயமன்று என்பதே என் துணிபு. அத்தந்தையும் ஓர் ஆசிரியரே. ஆயினும் அவர் அப்பெயர்க்கு உரியராதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தாம் செய்வது இன்னது, அஃது ஏன் நிகழ்கின்றது என்பதைப் பிள்ளையை அருகிருத்தித் தமிழிலே சொல்லுதல் வேண்டும்.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. 1990ஆம் ஆண்டில் யுத்தம் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாடு பல்லாண்டுகள் மின்சாரமின்றிக் கிடந்தது. பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் பற்றரியும் கிடைத்தற்கரியவாயின. அந்நாளில் செய்தி கேட்பதற்கு வீடுகள் கண்டுகொண்ட வழி துவிச்சக்கரவண்டியின் தைனமோவாகும். வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பிள்ளை மிதியைக் கையாற் சுழற்ற, தந்தை அலைவரிசையைத் தேட, பி.பி.சி. தமிழோசை முற்றத்திலே ஒலித்தது.

அவ்வெளிய ஏற்பாட்டினுள் அடங்கியிருந்த அறிவு சிறிதன்று. தைனமோவினுள்ளே காந்தம் சுழலுந்தோறும் அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் பிறக்கின்றது. மைக்கேல் பரடே 1831இல் கண்ட உண்மை இது. ஆனால் அங்குப் பிறப்பது திசைமாறி ஓடும் ஆடலோட்டம்; வானொலிக்கு வேண்டியது ஒரே திசையிற் செல்லும் நேரோட்டம். ஆகவே இருவாயிகளை இடையிலிணைத்து ஓட்டத்தைச் சீராக்கவேண்டும். கொள்ளளவி ஒன்றைச் சேர்த்து அதன் ஏற்றவிறக்கத்தைத் தணிக்கவேண்டும். கை தளர்ந்தாற் குரல் மங்கும். வேகம் மிஞ்சினாற் கருவி பழுதுறும். சுழற்றிய பிள்ளைக்கு மின்னழுத்தம் என்பது மனனஞ் செய்த வரைவிலக்கணமாக நில்லாது தோள்நோவாகவே விளங்கிற்று.

அவ்வின்னலை நான் போற்றவில்லை. போரும் பற்றாக்குறையும் எந்தப் பிள்ளைக்கும் பள்ளியாதல் வேண்டா. அம்முற்றத்தில் நாம் கவனிக்கத்தக்கது வேறொன்று. கருவி அங்கே திறந்து கிடந்தது. பெற்றோர் பிள்ளையின் பக்கத்தில் இருந்தனர். பழுது வந்தபோது காரணம் வாய்விட்டுப் பேசப்பட்டது.

கடலும் களப்பும் அயலாகவுள்ள எங்கள் மாங்கேணியில் இன்று கருவிகளுக்குக் குறைவில்லை. தோணிக்கு வெளியிணைப்பு இயந்திரம் உண்டு. கடலில் இடமுந் திசையுங் காட்டும் ஜீ.பி.எஸ். உண்டு; கைத்தொலைபேசி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. குறைந்திருப்பது பேச்சே. தந்தை ஒரு திரையையும் பிள்ளை மற்றொரு திரையையும் நோக்கியிருக்க, இராப்போசனம் முடிகின்றது. விலைகொடுத்துக் கருவி வாங்குவதனால் மாத்திரம் ஒருவர் தொழினுட்பத்தில் ஆர்வலராகிவிட மாட்டார். அதன் உள்ளியல்பை அறிய விழைபவரே ஆர்வலர். அறிந்ததைப் பிள்ளைக்குப் பகிர்பவரே பெற்றோருள் ஆசிரியர்.

பெற்றோர் என்றவுடன் தந்தையரை மாத்திரம் எண்ணுதலும் தவறு. என் வகுப்பு மாணவி ஒருத்தி தன் வீட்டுத் தையலியந்திரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். அவள் தாயார் அவ்வியந்திரத்தைத் தாமே கழற்றி எண்ணெயிட்டுப் பூட்டுபவர். மேல்நூலும் பொபின் நூலும் துணியின் நடுவே பிணைவதனாலேயே தையல் நிலைக்கின்றது என்றும், மேல்நூல் அளவுக்குமேல் இறுகினாற் கீழ்நூல் மேலே தலைகாட்டும் என்றும், அதனைக் கண்டு திருகை எப்பக்கந் திருப்பவேண்டும் என்றும் அவள் எழுதியிருந்தாள். அக்கட்டுரையில் உவமையுமில்லை, அடுக்குமொழியுமில்லை. ஆயினும் பொருளற்ற சொல் ஒன்றையேனும் என்னால் அதிற் கண்டு சுழிக்க முடியவில்லை. அவ்வுரைநடையின் தெளிவை அவளுக்குக் கற்பித்தது என் இலக்கணப் பாடமன்று. தாயும் மகளும் அவ்வியந்திரத்தருகே பேசிய பேச்சேயாகும்.

கருவிப்பழக்கம் தமிழைக் கெடுக்கும் என்று அஞ்சும் அன்பர் சிலர் நம்மிடை உளர். அவர்கள் நம் மட்டக்களப்பு மண்ணின் விபுலாநந்த அடிகளை நினைவுகூர்வாராக. காரைதீவில் 1892இற் பிறந்த அடிகளார் மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியுமாவர். வழக்கொழிந்த யாழை ஆராய்ந்து, இசையுங் கணிதமும் ஒருங்கு வைத்து அவர் இயற்றிய யாழ்நூல் 1947இல் அரங்கேறியது. கலைச்சொல்லாக்க முயற்சியிலும் அவர் முன்னின்றார். தமிழும் விஞ்ஞானமும் அவர் உள்ளத்தில் ஒன்றையொன்று பகைத்ததில்லை.

அண்மைக்கால உதாரணமும் உண்டு. சுவிற்சர்லாந்தில் வாழும் இரசாயன அறிஞர் கலியாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளிலுள்ள தமிழர்கள் தம் ஓய்வுவேளையில், ஊதியம் பெறாது, பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றினர். கருவி விருப்பமே இலக்கியத் தொண்டாக மாறிய வரலாறு இது.

ஆசிரிய நண்பர்களிடம் எனக்கொரு விண்ணப்பம் உண்டு. மாதத்தில் ஒருநாள், கருவியறிந்த பெற்றோர் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். பழைய வானொலியோ, துவிச்சக்கரவண்டித் தைனமோவோ, தையலியந்திரமோ அவர் கொண்டுவரட்டும். சுவரிலுள்ள மின்சாரத்தில் பிள்ளைகள் கைவைத்தல் ஆகாது. பற்றரியளவில் நிற்பதே தக்கது. அவர் தம் பட்டறைச் சொற்களிலே பேசட்டும்; பாடநூற் சொற்களை நாம் பக்கத்தில் எழுதுவோம். பின்னர் மாணவர் கண்டதைக் கண்டவாறே கட்டுரையாக எழுதட்டும்.

பெற்றோர்க்குஞ் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. இக்காலக் கருவிகள் பலவற்றை வீட்டில் திறத்தல் இயலாது என்பது உண்மையே. ஆயினும் அவற்றைப் பற்றிப் பேசுதற்குத் தடையில்லை. கடலில் நிற்குந் தோணிக்குத் தன் இருப்பிடம் எவ்வாறு தெரிகின்றது என்று மகன் வினவினால், விண்ணிலே சுற்றும் செய்மதிகளிலிருந்து வரும் நேரக்குறிப்புக்களைக் கொண்டு கருவி தூரத்தைக் கணிக்கும் முறையைச் சொல்லுங்கள். மகள் வினவினாலும் அவ்வாறே சொல்லுங்கள். வீட்டிலே காரணம் பேசப்படாத மொழி விழாமேடைக்கு மாத்திரம் உரியதாய்ச் சுருங்கிப்போகும். அங்ஙனம் சுருங்காது காத்தல் பண்டிதர்களால் மாத்திரம் ஆகக்கூடிய காரியமன்று; அதற்குத் திருகாணி பிடித்த கைகளும் வேண்டும்.