வண்டிக் கொட்டகைக்குப் பின்வாசல் தேவையா?

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் டிராக்டரோ, பவர் டில்லரோ, 'குட்டி யானை' எனப்படும் சிறு சரக்கு வண்டியோ வாங்கும் விவசாயிகள் வீட்டை ஒட்டி ஒரு கொட்டகையும் கட்டிக்கொள்கின்றனர். வெயில், மழை, திருட்டு ஆகிய மூன்றிலிருந்தும் வண்டியைக் காக்க இது அவசியமே. ஆனால் கட்டும் முறையில் ஒரு குறை உண்டு. மூன்று புறமும் சுவர் எழுப்பி, முன்புறம் மட்டும் கதவு வைக்கிறார்கள். உள்ளே நேராகப் போன வண்டி பின்னோக்கித்தான் வெளியே வரவேண்டும். இடவசதி உள்ளவர்கள் பின்சுவரிலும் ஒரு கதவு வைத்து, ஒரு வழியாக நுழைந்து மறுவழியாக வெளியேறும்படி செய்துகொள்வதே நல்லது. கொட்டகையைப் பெரிதாக்கச் செலவிடும் பணத்தை இதற்குச் செலவிடலாம்.

மாட்டு வண்டிக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. மாடுகளை அவிழ்த்துவிட்டு, இரண்டு பேர் நுகத்தடியைப் பிடித்துத் தள்ளினால் வண்டி உள்ளே போய்விடும். இழுத்தால் வெளியே வந்துவிடும். பாரம் ஏற்றிய டிரெய்லரை அப்படித் தள்ள முடியாது. வண்டி மாறியபோது கொட்டகையின் அமைப்பும் மாறியிருக்க வேண்டும்.

பின்னோக்கி ஓட்டுவதில் உள்ள அபாயம்

இரு சக்கர டிரெய்லர் பூட்டிய டிராக்டரைப் பின்னால் எடுப்பது தேர்ந்த ஓட்டுநருக்கும் எளிதல்ல. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லர் எதிர்ப்பக்கம் திரும்பும். சற்றே மிகுதியாகத் திருப்பிவிட்டால் டிராக்டரும் டிரெய்லரும் மடிந்து, சுவரோ, மட்காடோ, இணைப்புக் கம்பியோ சேதமடையும். இவற்றைப் பழுது பார்த்துக்கொள்ளலாம். உயிர்ச் சேதத்துக்குப் பரிகாரம் இல்லை. டிரெய்லரில் மூட்டையோ வைக்கோலோ இருந்தால் ஓட்டுபவருக்குப் பின்புறம் தெரியாது. வாசலில் விளையாடும் குழந்தை, நெல் புடைக்கும் பாட்டி, கட்டிப்போட்ட கன்று எதுவும் கண்ணில் படாது. இயந்திர இரைச்சலில் கூப்பிடும் குரலும் காதில் விழாது.

கும்மிடிப்பூண்டிப் பகுதியில் இந்த அபாயம் இன்னும் அதிகம். சிப்காட் தொழிற்பேட்டைக்கும் தேசிய நெடுஞ்சாலைக்கும் போகும் சாலைகளில் கனரக லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. சாலையைப் பார்த்த வீட்டிலிருந்து டிரெய்லரைப் பின்னோக்கிச் சாலைக்குள் தள்ளுவது கண்ணை மூடிக்கொண்டு இறங்குவதற்குச் சமம். மேலும், பகலில் ஆலையில் ஷிப்டு வேலையும் மாலையில் நிலத்து வேலையுமாக இருக்கும் குடும்பங்கள் பல. களைத்த உடம்போடு, மங்கிய வெளிச்சத்தில் செய்யும் வேலையில் பின்னோக்கி ஓட்டுவதைக் குறைப்பதே அறிவுடைமை.

சொர்ணவாரி அறுவடையும் சம்பா உழவும் அடுத்தடுத்து வரும் ஆவணி, புரட்டாசி மாதங்களில் டிரெய்லரைக் கழற்றிக் கலப்பையைப் பூட்டுவதும், மறுபடி டிரெய்லரை மாட்டுவதும் அடிக்கடி நடக்கும். இரு வாசல் இருந்தால் டிரெய்லரை உள்ளேயே நிறுத்திக் கழற்றிவிட்டு, டிராக்டரை முன்னோக்கி ஓட்டிக் களத்துக்கோ வயலுக்கோ போகலாம். இன்னொரு நன்மை புகை போக்கு. மூடிய கொட்டகையில் இயந்திரத்தை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எதிரெதிர்க் கதவுகள் திறந்திருந்தால் காற்று ஊடுருவி அதை வெளியேற்றும். அப்போதும் தேவையின்றி உள்ளே இயந்திரத்தை ஓடவிடக் கூடாது.

முதலில் சுண்ணாம்புக் கோடு, பிறகு கடப்பாரை

சுவரை இடிக்குமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கொட்டகைக்குப் பின்னால் வண்டி எந்த வழியாகப் போகும், எங்கே திரும்பும் என்பதைச் சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடிட்டு, முளையடித்துக் கயிறு கட்டி, டிராக்டரையும் டிரெய்லரையும் அந்தக் கோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். திரும்ப முடியாவிட்டால் பின்வாசல் வீண் செலவு. வண்டியின் அகலத்தைவிட இரு பக்கமும் ஒன்றரை அடியாவது கூடுதலாகக் கதவு இருக்க வேண்டும். உயரத்துக்குப் புகைக்குழாயின் நுனி வரை அளக்க வேண்டும்.

அடுத்தது சுவர். கூரை தூண்களின் மேல் நிற்கிறதா, சுவரின் மேலேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சுவரே கூரையைத் தாங்குமானால், கூரைக்கு முட்டுக் கொடுக்காமல் ஒரு கல்லையும் எடுக்கக் கூடாது. திறப்பின் மேல் கான்கிரீட் லிண்டல் அமைத்து, அதன் இரு முனைகளும் சுவரில் குறைந்தது 9 அங்குலமாவது உட்காரச் செய்ய வேண்டும். லிண்டலின் கனத்தையும் கம்பிக் கணக்கையும் கொத்தனாரின் அனுபவத்துக்கு மட்டும் விட்டுவிடாமல் பொறியாளரிடம் கேட்பது நலம். 7 நாளாவது தண்ணீர் விட வேண்டும்; 14 நாள் வரை முட்டுகளை எடுக்கக் கூடாது. சுவர் தூண்களுக்கு இடையில் அடைப்பாக மட்டும் இருந்தால் வேலை எளிது. ஆனாலும் அந்தச் சுவர் கட்டடத்தைப் பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்தால் ஆங்கிளால் குறுக்குத் தாங்கல் கொடுக்க வேண்டும்.

புயலை மறக்கக் கூடாது

சென்னைப் பகுதிக் கட்டடங்களுக்கு இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ள அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயலை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். காற்று வரும் பக்கக் கதவு திறந்து, எதிர்ப்பக்கம் அடைபட்டிருந்தால் உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தூக்கும். மேலே வீசும் காற்றும் அதே நேரத்தில் உறிஞ்சும். எனவே புயல் எச்சரிக்கை வந்தவுடன் இரு கதவுகளையும் மூடி, குறுக்குக் கட்டை போட்டு இறுக்க வேண்டும். கதவு காற்றுக்குத் தாங்காத மெல்லிய தகரமாக இருக்கக் கூடாது. கூரைத் தகட்டின் கொக்கி போல்ட்டுகளை ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் சோதிக்க வேண்டும். பின்வாசல் படியும் தரை மட்டத்தைவிடச் சற்று உயர்ந்திருந்தால்தான் மழை நீர் உள்ளே வராது.

பின்வழி யாருடையது?

செலவைவிட முக்கியமான கேள்வி இது. இப்பகுதியில் விளைநிலம் மனைப்பிரிவாகவும் தொழிற்கூடமாகவும் மாறி வருகிறது. இன்று அண்ணன் தம்பியின் நிலம் வழியாகவும், பக்கத்து வயல்காரரின் வரப்பு வழியாகவும் வண்டி போகிறது. நாளை அந்த நிலம் கைமாறிச் சுற்றுச்சுவர் எழும்பினால், பின்வாசல் சுவரைப் பார்த்துத் திறக்கும் கதவாகிவிடும். வாய்ச்சொல் உறவு உள்ளவரைதான் நிற்கும். வண்டிப் பாதை உரிமையை எழுதிப் பத்திரப் பதிவு செய்துகொள்ள வேண்டும். புலப்படத்தில் எல்லையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாய்க்காலைத் தூர்த்து வழி அமைப்பது தனக்கும் ஊருக்கும் கேடு.

எல்லாருக்கும் பின்வாசல் வேண்டும் என்பதில்லை. பவர் டில்லர் மட்டும் வைத்திருப்பவர், பின்புறம் பிறர் நிலம் உள்ளவர், கடன் வாங்கித்தான் கட்ட முடியும் என்ற நிலையில் உள்ளவர் இதில் இறங்க வேண்டாம். அவர்கள் வாசலில் வண்டி திரும்ப இடம் ஒதுக்கி, பின்னோக்கி எடுக்கும்போது ஓட்டுபவர் பார்வையில் படும் இடத்தில் ஒருவரை நிறுத்தி வழிகாட்டச் செய்தாலே போதும். செலவில்லாத பாதுகாப்பு அது.

திருட்டுப் பயம் இருக்கிறதே, இரண்டாவது கதவு இரண்டாவது பூட்டல்லவா என்று சிலர் கேட்கலாம். பின்கதவை உட்புறத் தாழ்ப்பாளோடு அமைத்தால் அந்தக் குறை நீங்கும். பின்சுவரோரம் உர மூட்டை, பூச்சி மருந்து, டீசல் கேன் இவற்றை அடுக்கி வைக்கும் பழக்கமும் இதனால் ஒழியும். வண்டி போகும் வழியில் எதுவும் வைக்க முடியாதல்லவா? மருந்தும் எரிபொருளும் குழந்தைகள் கைக்கு எட்டாத தனி இடத்துக்குப் போகும்.

புதிதாகக் கொட்டகை கட்டப் போகிறவர்களுக்கு இது இன்னும் எளிது. இப்போது கதவு வைக்க வசதியில்லாவிட்டாலும், பின்சுவரில் லிண்டலை மட்டும் போட்டு, கீழே கல்லை அடைத்து வைக்கலாம். கையில் பணமும் பின்னால் பாதையும் அமையும்போது அந்தக் கல்லை எடுத்துவிட்டுக் கதவை மாட்டிக்கொள்ளலாம். சுவர் எழும்பும்போதே இதை நினைத்துக்கொண்டால் பின்னர் இடிக்கும் செலவு மிச்சம்.