பனியன் ஊரில் எந்த லென்ஸ்?

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் வரும், ஞாயிற்றுக்கிழமை கேமரா ஆசை வரும். வாரக்கூலி வாங்கும் டெய்லர் தம்பியில் இருந்து எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் அண்ணன் வரை எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஏனுங்க, எந்தக் கேமரா வாங்கறதுங்க?"

கேள்வியே தப்பு என்பதுதான் இந்தப் பதிவு. எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும். அதற்கு எந்த லென்ஸ் என்பது இரண்டாவது. அந்த லென்ஸ் எந்த பாடியில் மாட்டும் என்பது மூன்றாவது. ஆனால் நம்மாட்கள் மூன்றாவதில் ஆரம்பித்து, முதலாவதுக்கு வராமலேயே ஈஎம்ஐ கட்டி முடிக்கிறார்கள். ஆறு மாசம் கழித்து கேமரா பீரோவில் தூங்குகிறது. விலைக்குப் பாதிதான் திரும்பக் கிடைக்கும் என்பது விற்கப் போகும்போதுதான் தெரியும்.

கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கேமரா பாடி என்பது வேகமாகத் தேய்மானம் ஆகும் சொத்து. புது மாடல் அறிவிப்பு வந்த அன்றைக்கே பழையதன் மதிப்பு இறங்கும். லென்ஸ் அப்படி இல்லை. நிகானின் எஃப் மவுண்ட் 1959ல் வந்தது, கேனானின் இஎஃப் மவுண்ட் 1987ல் வந்தது. இந்த இரண்டிலும் பாடிகள் வந்தன, போயின, லென்ஸ்கள் மட்டும் கை மாறிக்கொண்டே இருந்தன. அதனால்தான் "பாடியில் மிச்சம் பிடி, லென்ஸில் போடு" என்று பெரியவர்கள் சொல்லி வந்தார்கள்.

ஆனால் அந்தப் பழமொழிக்கும் இப்போது ஒரு திருத்தம் தேவை. 2018ல் நிகான் இசட் மவுண்ட்டுக்கும் கேனான் ஆர்எஃப் மவுண்ட்டுக்கும் மாறின. கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் பின்னால் போய், கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் முன்னால் வந்துவிட்டது. இதைக் கேட்டுப் பயந்து பழைய லென்ஸை அடிமாட்டு விலைக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு இதைவிட நல்ல காலம் வராது. விற்கிறவனுக்கு நஷ்டம் என்றால் வாங்குகிறவனுக்கு லாபம், அவ்வளவுதானே :)

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் ஊருக்கே உரிய பிரச்சினை, துணி.

திருப்பூரில் கேமரா வாங்கும் பலருக்கு மனதின் ஓரத்தில் ஒரு கணக்கு இருக்கும். பொழுதுபோக்குக்கும் ஆச்சு, தெரிந்த கம்பெனிக்கு டிசர்ட் படம் எடுத்துக் கொடுத்தால் காசும் ஆச்சு. ஆன்லைனில் விற்கிற சின்னச் சின்ன பிராண்டுகள் தெருவுக்குத் தெரு முளைத்துவிட்ட பிறகு இந்தக் கணக்கு தப்பும் இல்லை. ஆனால் பின்னலாடை கேமராவுக்குப் பிடிக்காத பொருள் என்று எந்த யூட்யூப் விமர்சனத்திலும் சொல்வதில்லை.

சிங்கிள் ஜெர்சி துணியை உற்றுப் பாருங்கள். வரிவரியாக, ஒரே அளவில், ஒரே இடைவெளியில் லூப்கள். கேமரா சென்சாரிலும் அதே மாதிரி வரிவரியாகப் பிக்சல்கள். இரண்டு கொசுவலைகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் பிடித்தால் இல்லாத அலைகள் தெரியும் இல்லையா, அதுதான் இங்கேயும் நடக்கிறது. லூப்பின் இடைவெளியும் பிக்சலின் இடைவெளியும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும் தூரத்தில் படம் எடுத்தால், துணியில் இல்லாத வளையங்களும் பச்சை, சிவப்புக் கறைகளும் படத்தில் வந்து நிற்கும். இதற்கு மொய்ரே என்று பெயர். பிக்கே, ரிப் துணிகளில் கேட்கவே வேண்டாம். படத்தைப் பார்க்கும் பையர் "நிட்டிங்கில் பட்டை விழுந்திருக்கிறதா?" என்று கேட்டால், போனது போட்டோகிராபர் மானம் மட்டும் இல்லை.

இதைத் தடுக்க சென்சாருக்கு முன்னால் லோ பாஸ் ஃபில்டர் என்று ஒரு மெல்லிய தகடு வைப்பார்கள். அது படத்தைத் துளியூண்டு மழுக்கி, அலை வராமல் பார்த்துக்கொள்ளும். 2012க்குப் பிறகு "அதிகக் கூர்மை" என்று விளம்பரம் செய்துகொண்டு அந்தத் தகட்டை எடுக்க ஆரம்பித்தார்கள். 2013ல் வந்த நிகான் டி7100, டி5300, 2014ல் வந்த டி3300 எல்லாவற்றிலும் அது கிடையாது. மலையையும் மரத்தையும் எடுக்கிறவருக்கு இது கொண்டாட்டம். பனியன் எடுக்கிறவருக்குத் திண்டாட்டம். ஃபூஜிஃபிலிமும் 2012ல் எக்ஸ் ப்ரோ 1 கேமராவில் தகட்டை எடுத்தது. ஆனால் அங்கே வண்ணக் கட்டங்களை ஒழுங்கு குலைத்து அடுக்கி அலையைக் குறைக்கப் பார்த்தார்கள். புத்திசாலித்தனம்தான். லூப்பும் லூப்பும் அடுக்காக இருப்பதால்தானே தொல்லை, நாம் அடுக்கை மாற்றிவிடலாம் என்று.

இதில் வேடிக்கை, லென்ஸ் எவ்வளவு கூர்மையோ அலை அவ்வளவு அதிகம். ஐம்பதாயிரம் போட்டு வாங்கிய லென்ஸில் வருகிற அலை, கேமராவோடு ஓசியில் வந்த 18-55 லென்ஸில் வராமல் போகலாம். பொருள் படம் எடுக்க வேண்டுமென்றால் அந்த 18-55, ஒரு கனமான ட்ரைபாட், எஃப் 8 போதும். அலை வந்தால் அரை அடி முன்னே பின்னே நகருங்கள், அல்லது துணியைக் கொஞ்சம் சாய்த்துப் போடுங்கள். அதிலும் போகவில்லை என்றால் எஃப் 16க்குப் போய் ஒளிச்சிதறலில் படத்தை வேண்டுமென்றே கொஞ்சம் மழுக்குங்கள். பார்க்கும்போது நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கேமராவின் சின்னத் திரையில் படத்தைச் சுருக்கிக் காட்டும்போது, படத்தில் இல்லாத அலைகூடத் தெரியும். தையல், பட்டன், பிரிண்ட் இவற்றை மிக நெருக்கத்தில் எடுக்க மேக்ரோ லென்ஸ் வேண்டும் என்பார்கள். நல்லதுதான், ஆனால் ஆரம்பத்தில் சில நூறு ரூபாய் எக்ஸ்டென்ஷன் ட்யூப் போதும்.

லென்ஸுக்கு வைத்திருக்கும் காசில் பாதியை விளக்குக்குப் போடுங்கள் என்றால் யாரும் கேட்பதில்லை. மெர்ச்சண்டைசர்களாவது கேட்க வேண்டும். லேப் டிப் வந்தால் லைட் பாக்ஸில் வைத்து டி65ல் ஒரு தரம், டிஎல்84ல் ஒரு தரம் பார்த்து, ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போன கலர் இன்னொன்றில் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் அவர்கள்தானே. அதே ஆள் வீட்டுக்கு வந்து, ஹாலில் தொங்கும் மலிவு எல்ஈடி வெளிச்சத்தில் மெரூன் டிசர்ட்டைப் படம் எடுத்து, "கேமராவில் கலர் சரியில்லை, பெரிய மாடல் வாங்கணும்" என்கிறார்.

கம்பெனிக்குள் எடுக்கப் போகிறவர்களுக்கு இரண்டே வார்த்தை. பழைய ட்யூப்லைட் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு வினாடிக்கு 100 தடவை மினுக்கும், அதனால் ஷட்டரை 1/100 அல்லது 1/50ல் வையுங்கள், வேகம் கூட்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். நிட்டிங் யூனிட்டுக்குள் லென்ஸைக் கழற்றி மாட்டாதீர்கள். காற்றில் மிதக்கிற பஞ்சு எல்லாம் சென்சாரில் குடியேறிவிடும்.

அடுத்து குளம். ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் சர்க்கார் பெரியபாளையத்தில் இருக்கும் நஞ்சராயன் குளம் 2022ல் தமிழ்நாட்டின் 17வது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. சாயக் கழிவுக்குப் பேர் போன ஊரில் இப்படி ஒரு பெருமை! குளிர்காலம் வந்தால் காலையில் கரை முழுக்கக் கேமராக்கள். பாதிப் பேர் கையில் 18-55. பாவமாக இருக்கும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். பட்டைத்தலை வாத்து சுமார் 75 செ.மீ நீளம். நூறு மீட்டர் தள்ளி நிற்கிறது. 55 மி.மீ லென்ஸில், 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில், அந்த வாத்து நூறு பிக்சல் சொச்சம்தான் வரும். கொக்கா வாத்தா என்று பட்டிமன்றம் வைக்கலாம். 300 மி.மீ என்றால் 575 பிக்சல் அளவு வரும். 600 என்றால் 1150. இதனால்தான் பறவைக்காரர்கள் சிக்மா, டாம்ரான் 150-600, நிகான் 200-500 என்று அலைகிறார்கள். அந்த நிகான் லென்ஸ் மட்டும் 2.3 கிலோ. விலை, கழுத்து வலி இரண்டும் ஈஎம்ஐயில் சேராது.

இங்கே பலருக்குப் பிடிக்காத ஒரு கருத்து. பறவை மட்டும்தான் ஆசை, பட்ஜெட் குறைவு என்றால் லென்ஸ் மாற்றவே முடியாத பிரிட்ஜ் கேமரா வாங்குங்கள். 2015ல் வந்த நிகான் பி900 முழுஃபிரேம் கணக்கில் 2000 மி.மீ வரை இழுக்கும். அதே வாத்து அதில் படத்தின் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்கை அடைத்துக்கொண்டு நிற்கும். சென்சார் சின்னது, மங்கலான வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாகும், பறக்கும் பறவையைப் பிடிப்பது கஷ்டம், எல்லாம் உண்மை. ஆனால் எந்தப் பறவை, கால் என்ன நிறம், எத்தனை வந்தன என்று பதிவு செய்ய அது தாராளம். டிஎஸ்எல்ஆர் வைத்திருக்கிறவர் அதைப் பார்த்து நக்கலாகச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

"அப்போ கருவி முக்கியமில்லைன்னு சொல்ல வர்றீங்களா?" என்று கேட்பவர்களுக்கு மா. கிருஷ்ணனைக் காட்டலாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912ல் பிறந்து 1996ல் மறைந்த காட்டுயிர் எழுத்தாளர், புகைப்படக்காரர். 1950ல் இருந்து சாகும் வரை 'ஸ்டேட்ஸ்மேன்' பத்திரிகையில் பத்தி எழுதினார். 1970ல் பத்மஸ்ரீ. காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். அவர் கையில் இருந்தது ஒரு கம்பெனியின் பாடி, இன்னொரு கம்பெனியின் டெலி லென்ஸ், மற்ற பாகங்களைத் தானே ஒட்டுப்போட்டுச் சேர்த்த ஒரு விசித்திரம். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வேறு வைத்திருந்தார்.

இந்தக் கதையைச் சொல்லி "பார்த்தீங்களா, ஓட்டைக் கேமராவே போதும்" என்று முடிப்பது வழக்கம். அது அவருக்குச் செய்கிற அநியாயம். ஓட்டைக் கேமராவே போதும் என்று நினைத்தவர் ஏன் பாகம் பாகமாகத் தேடிப் பொருத்த வேண்டும்? கடையில் கிடைத்த எதுவும் அவர் வேலைக்குச் சரிப்படவில்லை என்பதால்தானே செய்தார்? காட்டு விலங்கு எவ்வளவு தூரத்தில் நிற்கும், எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அப்படி ஒரு கருவியைக் கட்டத் தோன்றும். கருவியைப் பற்றி நம்மை விட அவர் பத்து மடங்கு அதிகம் யோசித்திருக்கிறார். யானையில் ஆரம்பித்து யோசித்தார், அதுதான் வித்தியாசம்.

அவிநாசித் தேர், காங்கேயம் காளை, தங்கச்சி குழந்தை என்று எடுக்கிறவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 35 அல்லது 50 மி.மீ, எஃப் 1.8. ஏபிஎஸ்-சி பாடியில் 50 கொஞ்சம் நெருக்கும், வீட்டுக்குள் 35தான் வசதி.

பழையது வாங்கப் போகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நிகானின் ஆரம்பநிலை டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 மி.மீ எஃப் 1.8 டி லென்ஸ் வாங்கி மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். 'ஜி' என்று முடியும் ஏஎஃப்-எஸ் வகையைக் கேட்டு வாங்குங்கள். எதிர்ப்பக்கமும் பள்ளம் உண்டு. புதிய ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி90, டி3100 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. நாளைக்கு மிரர்லெஸ் போகும் எண்ணம் இருந்தால், நிகானின் எஃப்டிஇசட் அடாப்டரிலும் மோட்டார் இல்லை, அந்த 'டி' லென்ஸ் அங்கேயும் கைவேலைதான். கேனான் இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் போட்டு ஆர் வரிசையில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். இந்த ஒரு விஷயத்தில் கேனான்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

புதிதுதான் வேண்டும், அதுவும் கம்பெனி வேலைக்கு என்றால், ஜிஎஸ்டி பதிவு உள்ள கம்பெனி பெயரில் பில் போடச் சொல்லுங்கள். டிஜிட்டல் கேமராவுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 2019 ஜனவரியில் 18 ஆனது. தொழிலுக்குப் பயன்படுத்தினால் அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். சொந்த ஆசைக்கு வாங்கிவிட்டு கம்பெனி கணக்கில் ஏற்றுவது வேறு விஷயம், அதற்கு இந்தப் பதிவு பொறுப்பல்ல.

பழைய லென்ஸைக் கையில் வாங்கியதும் பின்பக்க மூடியைக் கழற்றி, செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். சுத்தமாக இருந்தால் அப்படியே காப்பாற்ற வேண்டியது உங்கள் பாடு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோல் பைக்குள் பூட்டி வைப்பதுதான் பூஞ்சைக்கு நாம் போடும் விருந்து. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல். ட்ரை கேபினட் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எக்ஸ்போர்ட் பேக்கிங் செக்ஷனில் கார்ட்டனுக்குள் போடும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுக்கு இந்த ஊரில் பஞ்சமா என்ன? சூப்பர்வைசர் அண்ணனிடம் கேட்டு நாலு வாங்கிப் போடுங்கள், இரண்டு மாசத்துக்கு ஒருமுறை மாற்றினால் சரி.