மாவும் பலாவும் வாழையும்
ரூபி மொழியில் ஓர் அரேயை எழுத்தாக்குவது ஒரே வேலைபோலத் தோன்றினாலும், நிரலருக்குக் காட்டுவது வேறு, பயனருக்குக் காட்டுவது வேறு. நிரலருக்கு 'இன்ஸ்பெக்ட்' இருக்கிறது; சதுர அடைப்பு, மேற்கோள் குறி எதையும் மறைக்காமல் உள்ளதை உள்ளபடி காட்டும். எழுத்தாக்கும் இன்னொரு முறையான 'டு_எஸ்', ரூபி 1.8 வரை உறுப்புகளை இடைவெளியே இல்லாமல் ஒட்டிவிடும். 1, 2, 3 என்பது 123 ஆகிவிடும். 1.9-இல் அதுவும் இன்ஸ்பெக்ட்டின் மறுபெயரானது. குழப்பம் தீர்ந்தது, ஆனால் கவனக்குறைவான நிரல்களில் அடைப்புக்குறிகள் பயனரின் திரையில் தலைகாட்டத் தொடங்கின. பயனருக்கு உரியது 'ஜாயின்'. தரும் பிரிப்பானை இடையிடையே வைத்துக் கோத்துத் தரும். உள்ளே இன்னோர் அரே இருந்தால் அதையும் பிரித்துக் கோக்கும். மதிப்பற்ற 'நில்' இருந்தால் மட்டும் அந்த இடம் காலியாகி, இரண்டு பிரிப்பான்கள் அருகருகே நிற்கும். ரெயில்ஸ் சட்டகத்தின் 'டு_சென்டன்ஸ்' இன்னும் ஒரு படி மேலே போய், கடைசி உறுப்புக்கு முன் ஆங்கிலத்தின் 'அண்ட்'டைச் சேர்க்கிறது. அந்த இணைப்புச் சொல்லை மொழிக்கேற்ப மாற்றலாம் என்றாலும், அது உறுப்புகளுக்கு நடுவில்தான் நிற்கும். தமிழின் 'உம்' நடுவில் நிற்பதில்லை, ஒவ்வொரு சொல்லோடும் ஒட்டுகிறது. அந்த நெருக்கடியில்தான் 'மற்றும்' நுழைந்துவிடுகிறது, பார்க்கச் சகிக்காவிட்டாலும். இயல்பான தொடர் வேண்டுமானால், முதலில் 'மேப்' கொண்டு ஒவ்வொரு உறுப்பிலும் உம் சேர்த்து, பிறகு வெறும் இடைவெளியால் கோக்க வேண்டும். அப்போதும் மாவுக்கும் பலாவுக்கும் வகர உடம்படுமெய், வாழைக்கு யகரம் என்று சொல்லின் ஈற்றைப் பார்த்தே ஒட்ட வேண்டியிருக்கும்.