படகுக் கடைக்காரர் சொல்லாத எடை

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பத்து ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிகள் மட்டும் 11,842. அப்படிப்பட்ட ஊரில் ஒரு குடும்பத்துக்குப் படகு ஆசை வருவது குற்றமே இல்லை. அப்பாவுக்குத் தூண்டில், பிள்ளைகளுக்குப் படகின் பின்னால் இழுபடும் ரப்பர் ட்யூப், அம்மாவுக்கு இரண்டும்! எல்லாவற்றையும் ஒரே படகில் தருகிறோம், உங்கள் காரிலேயே மாட்டி இழுத்துப் போகலாம் என்கிறார் கடைக்காரர். இந்த இடத்தில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது.

விளம்பரத் தாளில் ஒரு எடை போட்டிருக்கும். அது வெறும் எடை. பெட்ரோல் கிடையாது, டிரெய்லர் கிடையாது, சில கம்பெனிகளின் தாளில் எஞ்சின் கூடக் கிடையாது. சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 19 அடி ஃபைபர் படகு, எஞ்சினோடு 2,600 பவுண்டு. டிரெய்லர் 900. 35 காலன் பெட்ரோல், காலனுக்கு ஆறு பவுண்டு வீதம் 210. பேட்டரி, நங்கூரம், ஐஸ் பெட்டி, லைஃப் ஜாக்கெட், தூண்டில், பனிச்சறுக்குப் பலகை மாதிரி இருக்கும் அந்த நீர்ச்சறுக்குப் பலகைகள் எல்லாம் சேர்த்து ஒரு 300. மொத்தம் 4,010 பவுண்டு. அமெரிக்கக் குடும்பங்கள் வைத்திருக்கும் மினிவேன்கள் பலவற்றின் இழுவை வரம்பு 3,500. அந்த 3,500-ம் காருக்குள் ஆளும் மூட்டையும் ஏற ஏறக் குறையும் என்று காரோடு வரும் புத்தகத்திலேயே எழுதியிருக்கும். அதை யார் படிக்கிறார்கள்?

"மெதுவாகப் போனால் இழுத்துவிடும் சார்" என்பார்கள். இழுக்கும்தான். நிறுத்துவதுதான் பிரச்சினை. மினசோட்டா சட்டப்படி 3,000 பவுண்டு டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும் என்று வைத்திருப்பது வேடிக்கைக்கா? டிரெய்லரின் முன்பாரம் மொத்த எடையில் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் நெடுஞ்சாலையில் அது பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். அதற்கப்புறம் காரை ஓட்டுவது டிரைவர் இல்லை, டிரெய்லர். பின் சீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சரி, படகுக்கு வருவோம். "மீனுக்கும் ஆச்சு, சறுக்கலுக்கும் ஆச்சு" என்று விற்கும் படகின் தலைக்கு மேல் ஒரு உலோக வளைவு நிற்கும். டவர் என்கிறார்கள். பார்க்க ஜோர். அலைமேல் பலகையில் நிற்கும் வேக்சர்ஃபிங் பையனின் படம் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும். ஆனால் அந்த விளையாட்டை வெளிப்புற மோட்டார் படகின் பின்னால் ஆடவே கூடாது. சறுக்குகிறவர் படகுக்கு மிக அருகில் இருப்பார், சுழலும் விசிறி அவர் காலுக்குப் பக்கத்தில் இருக்கும். அதற்கென்றே விசிறியை அடியில் உள்ளே தள்ளி வைத்த படகுகள் தனியாக இருக்கின்றன, தண்ணீர்த் தொட்டி நிரப்பி வேண்டுமென்றே கனமாக்குகிற ஜாதி. அதில் உட்கார்ந்து மீன் பிடிப்பது கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பது போல. ஆக இந்த டவர் எதற்கு? தூண்டிலை வீசும்போது இடிக்க! ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

நீர்ச்சறுக்கு பிறந்ததே இதே மாநிலத்தில்தான். 1922-ல் லேக் சிட்டியில், பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவெல்சன் என்ற பதினெட்டு வயதுப் பையன் தண்ணீரில் எழுந்து நின்றான். படகை ஓட்டியது அண்ணன் பென். டவரும் கிடையாது, ஸ்பீக்கரும் கிடையாது, சாதாரண வேலைப் படகு. பலகையின் நுனியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பின்னால் சாய்ந்ததுதான் ரகசியம்.

இப்போது பணம். அறுபதாயிரம் டாலர் கடன், எட்டு சதவீத வட்டி, பதினைந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 573 டாலர். கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 43,000-க்கு மேல். ஏரி ஏப்ரல் வரை உறைந்து கிடக்கிற ஊர் அது. வருடத்துக்குப் பதினைந்து நாள் படகு இறங்கினால், ஒரு நாளைக்குத் தவணை மட்டும் ஏறக்குறைய 459 டாலர். இன்சூரன்ஸ், குளிர்காலத்துக்குப் பத்திரப்படுத்தும் செலவு எல்லாம் தனி. தேய்மானத்தை முதல் வருடப் பாடத்திலேயே நடத்திவிடுகிறார்கள். தவணையை மட்டும் பார்க்கிறவருக்கு அது கண்ணில் படுவதில்லை. பாதி வழியில் விற்கப் போனால் படகின் விலையை விடக் கடன் பாக்கி அதிகமாக நிற்கும்.

அப்படியானால் எதை வாங்குவது? 17 அடி அலுமினியப் படகு. உடல் 1,100 பவுண்டு, 75 அல்லது 90 குதிரைத்திறன் மோட்டார் 360, டிரெய்லர் 600, பெட்ரோலும் சாமானும் 370. மொத்தம் 2,430. மினிவேனுக்கு மூச்சு முட்டாது. பிள்ளைகளை ட்யூபில் இழுக்கும், ஒரு ஆளைச் சறுக்கவும் வைக்கும். காலையில் சத்தமில்லாமல் மீனுக்கும் போகலாம். அலை வந்தால் தகரம் தடதடக்கும், வெயிலில் சுடும், பக்கத்துப் படகுக்காரர் ஏளனமாகப் பார்ப்பார். பார்க்கட்டுமே.

இன்னொன்று. அமெரிக்கச் சட்டப்படி 20 அடிக்குக் குறைந்த, ஒற்றை உடல் கொண்ட மோட்டார் படகில் எத்தனை பேர், எவ்வளவு எடை, வெளிப்புற மோட்டார் என்றால் எத்தனை குதிரைத்திறன் என்று தகடு அடித்திருக்க வேண்டும். அந்த அளவில் வெளிப்புற மோட்டார் படகுகள் தண்ணீர் நிறைந்தாலும் கவிழாமல் மட்டமாக மிதக்கும்படி கட்டப்பட வேண்டும். எஞ்சினை உடலுக்குள் வைத்த படகுகளுக்கு அந்த அளவு கண்டிப்பு இல்லை. சோபா மாதிரி சீட்டைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

சுப்பீரியர் ஏரி மாதிரி கடல் போன்ற இடத்தில் போய் மீன் பிடிக்கிறவர்களுக்கு இந்தச் சின்னப் படகு ஆகாது. உண்மைதான். ஆனால் கடைக்கு வருகிற குடும்பங்களில் எத்தனை பேர் சுப்பீரியருக்குப் போகிறார்கள்? வீட்டுக்குப் பக்கத்து ஏரிக்குத்தான் போகிறார்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டால் போதும். டேங்கை நிரப்பி, டிரெய்லரோடு, பக்கத்து லாரி எடைமேடையில் ஏற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். முகம் சுளித்தால் அடுத்த கடை.