மீள்மொழிபெயர்ப்பு எதை மறைக்கிறது?

மறதிநோய் குறித்த ஆய்வேடுகளில் ஆய்வுமுறை இயலைப் புரட்டினால் ஒரு விளக்கம் அடிக்கடி கண்ணில் படும்: சோதனை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது, வேறொருவர் அதை மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்த்தார், இரண்டும் ஒத்திருந்தன. நெறியாளர் அதற்கு மேல் கேட்பதில்லை. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளரும் கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டும். படித்த இருமொழியாளர் இருவர் ஏட்டுத்தமிழில் சந்தித்துக்கொண்டார்கள் என்பதற்கு மேல் அந்த ஒற்றுமை எதையும் நிறுவவில்லை.

1975-இல் ஃபோல்ஸ்டைன் குழுவினர் வெளியிட்ட எம்.எம்.எஸ்.இ. 30 மதிப்பெண் கொண்டது. அதில் 'நோ இஃப்ஸ், ஆண்ட்ஸ் ஆர் பட்ஸ்' என்ற தொடரைத் திருப்பிச் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் அவை தனித்து நிற்கும் சிறு இலக்கணச் சொற்கள். பற்றிக்கொள்ளப் பொருள் இல்லாததால்தான் அத்தொடர் நாவுக்கும் நினைவுக்கும் கடினம். தமிழிலோ 'ஆல்', 'உம்' ஆகியவை சொல்லோடு ஒட்டி வருபவை. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் எந்த வீட்டிலும் எவரும் பேசியிராத ஒரு தொடர் கிடைக்கும். அதைச் சொல்லமுடியாத மூதாட்டி இழந்தது எதை?

மோக்கா சோதனையின் கதையும் இதுவே. 'எஃப்' என்ற எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் அடுக்கவேண்டும். பதினொன்று வந்தால் ஒரு மதிப்பெண். தமிழில் 'ப' என்று கொடுத்தால் 'பல்' சரி. 'பால்', 'புலி', 'பேய்'? ஆங்கில எழுத்து ஒரு மெய்யொலி. பின்னால் எந்த உயிரும் வரலாம். தமிழ் எழுத்து உயிரையும் சேர்த்தே கொண்டது. எதை எண்ணுவது என்று மதிப்பெண் தாளில் விதி இல்லையென்றால், சோதிப்பவர் மாறும்போது நோயாளியின் 'நிலை'யும் மாறும். பள்ளி சென்றிராதவருக்கோ இந்தக் கேள்வியே பொருளற்றது. 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டும் சலுகை, பள்ளியையே காணாதவரை எப்படி ஈடுசெய்யும்?

இவை தீராத சிக்கல்கள் அல்ல. ஹரியானாவின் பல்லப்கரில் மேரி கங்குலி குழுவினர் எழுத்தறியாத முதியோருக்காக உருவாக்கி 1995-இல் வெளியிட்ட இந்தி வடிவத்தைப் பார்க்கலாம். சொல்லை எழுத்தெழுத்தாகத் தலைகீழாக உச்சரிக்கச் சொல்வதை விடுத்து, கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் சொன்னார்கள். எழுதிக்காட்டிய கட்டளையைப் படித்துக் கண்ணை மூடச் சொல்வதற்கு மாறாக, தம் முகத்தைப் பார்த்து அவ்வாறே செய்யச் சொன்னார்கள். கேள்வி மாறியது, அளக்கவேண்டிய திறன் மாறவில்லை. தகவமைத்தல் என்பது இதுதான். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்வது கூச்சமின்மை.

அரபு மொழியாளர்களிடமும் இதே தடை உண்டு. பள்ளியில் கற்கும் ஃபுஸ்ஹா வேறு, தாய்மடியில் கற்ற வழக்கு வேறு. ஏட்டு வடிவில் கேட்டால் நினைவோடு சேர்த்துப் பள்ளிப்படிப்பும் அளக்கப்படுகிறது. தமிழின் இரட்டை வழக்கு அதற்குச் சற்றும் குறைந்ததன்று.

பெங்களூரில் சிக்கல் இன்னொரு மடிப்புக் கொள்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி இந்நகர மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழி என்றோர் பாதிக்கும் குறைவு. தமிழ், தெலுங்கு, உருது பேசுவோர் இலட்சக்கணக்கில் உள்ளனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் நிம்ஹான்ஸ் உள்ளிட்ட மையங்களோடு உருவாக்கிய அறிவாற்றல் சோதனைத் தொகுப்பு இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என ஐந்து மொழிகளில் வந்தது. மதிக்கத்தக்க பணி, ஆனால் அந்த ஐந்தில் தமிழும் இல்லை, உருதுவும் இல்லை. சென்னையில் செப்பனிட்ட தமிழ் வடிவத்தை வரவழைத்தால் போதும் என்பாருமுண்டு. போதாது. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர் பலர் படித்தது கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ. தமிழை வாசிக்கவே அறியாதவர் உண்டு. விலங்குகளின் பெயரைக் கேட்டால் 'பூனை'க்கு அடுத்து 'குதுரே' வரும், 'டைகர்' வரும். அதைப் பிழையெனக் குறிக்கும் மதிப்பெண் தாள், ஒரு நகரத்தின் இயல்பான பேச்சை நோயின் அறிகுறியாக்குகிறது.

இதில் ஒரு முரணும் உண்டு. ஐதராபாத்தில் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுவோரிடம் நோய் சராசரியாக நான்கரை ஆண்டு தாமதமாகத் தோன்றியதாக சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013-இல் எழுதினர். எழுத்தறியாதவரிடமும் அவ்வேறுபாடு இருந்தது. அக்கட்டுரையைப் பெருமையுடன் மேற்கோள் காட்டும் ஆய்வேடுகள், பங்கேற்பாளர் வீட்டில் ஒன்று, சந்தையில் ஒன்று, பள்ளியில் ஒன்று எனப் பேசிய மொழிகளைத் தம் படிவத்தில் 'தாய்மொழி' என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் அடைத்துவிடுகின்றன.

ஒவ்வொரு வழக்குக்கும் தனிச் சோதனை செய்யப் பணமும் காலமும் ஏது என்பது வழக்கமான மறுமொழி. தனிச் சோதனையை யாரும் கோரவில்லை. கேள்வியைப் பேச்சுவழக்கில் கேட்பதற்கும், எம்மொழியில் வந்த விடையையும் எண்ணுவதற்கும், வெட்டுமதிப்பெண்ணை நலமுள்ள அவ்வூர் முதியோரிடம் முதலில் சரிபார்ப்பதற்கும் பெருநிதி வேண்டா. மொழியியல் துறைக்கு நடந்துசென்று ஒரு மணிநேரம் அமர்ந்தால் பாதி வேலை முடியும். இந்தியாவில் 60 வயது கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. இல்லாத நோயைப் பெயரிட்டால் ஒரு முதியவரின் கையெழுத்தை வங்கியும் பிள்ளைகளும் நம்பாமல் போவார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் 28 வாங்கி வீடு திரும்பினால், உண்மையில் தொடங்கிவிட்ட நோய் இரண்டாண்டு கவனிப்பின்றிக் கழியும். இவ்விரு பிழைகளுள் தன் கருவி எதைச் செய்கிறது, யாரிடம் செய்கிறது என்று அடுத்த வாய்மொழித் தேர்வில் எவரேனும் ஒருவர் கேட்கட்டும்.