ஓவிய மாணவரின் மேசையில் ஒரு சர்க்யூட் போர்டு

கம்ப்யூட்டர் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? ஒரு திரை, ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ். மொபைல் போன் வந்த பிறகு கீபோர்டும் மவுஸும்கூடப் போய்விட்டன. திரையும் அதைத் தேய்க்கும் விரலும்தான் மிச்சம். ஆனால் அறையில் வெளிச்சம் குறைவது, ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பது, தெருவில் சத்தம் எழுவது போன்றவற்றையும் கம்ப்யூட்டர் உணரும்படி செய்யலாம். அதற்குப் பதிலாக ஒரு மோட்டாரையோ, விளக்கையோ, மணியையோ அது இயக்கும்படியும் செய்யலாம். இதற்குத்தான் ‘பிசிக்கல் கம்ப்யூட்டிங்’ என்று பெயர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய டான் ஓ’சல்லிவன், டாம் ஐகோ ஆகிய இருவரும் 2004இல் இதே பெயரில் ஒரு புத்தகம் எழுதினார்கள்.

நம் ஊரில் இந்தச் சமாச்சாரம் இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். இது தவறு என்பது என் கருத்து. இன்று உலகம் முழுவதும் பயன்படும் ஆர்டுயினோ போர்டு முதலில் இன்ஜினீயர்களுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. டிசைன், கலை படிக்கும் மாணவர்களுக்காகச் செய்யப்பட்டது அது.

தொழிற்சாலை ஊரில் பிறந்த போர்டு

வட இத்தாலியில் இவ்ரேயா என்று ஒரு சிறிய ஊர். டைப்ரைட்டர் தயாரித்த ஒலிவெட்டி கம்பெனி 1908இல் அங்கேதான் தொடங்கப்பட்டது. லெட்டேரா 22 என்ற புகழ்பெற்ற கையடக்க டைப்ரைட்டரும், 1965இல் வந்த புரோகிராமா 101 என்ற மேசைக் கணக்கீட்டு எந்திரமும் ஒலிவெட்டியின் தயாரிப்புகள். காலப்போக்கில் டைப்ரைட்டருக்கு வேலை இல்லாமல் போனது. அந்த ஊரில் 2001இல் ஒரு டிசைன் கல்வி நிறுவனம் திறக்கப்பட்டது. ஒலிவெட்டியும் டெலிகாம் இத்தாலியாவும் அதற்குப் பின்னால் இருந்தன.

அங்கே படிக்க வந்தவர்களில் பலருக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. அப்போது மாணவர்கள் பயன்படுத்திய ‘பேசிக் ஸ்டாம்ப்’ என்ற போர்டின் விலை சுமார் 50 டாலர். கொலம்பியாவிலிருந்து வந்திருந்த எர்னாண்டோ பர்ரகான் என்ற மாணவர், கலைஞர்களும் டிசைனர்களும் எளிதாகப் பயன்படுத்தும்படி ஒரு போர்டும் அதற்கான சாப்ட்வேரும் செய்வதையே 2003இல் தன் முதுகலைத் திட்டமாக எடுத்துக்கொண்டார். அதற்கு ‘வயரிங்’ என்று பெயர் வைத்தார். கேஸி ரியாஸ், பென் ஃப்ரை இருவரும் ஓவிய, டிசைன் மாணவர்களுக்காக 2001இல் உருவாக்கிய ‘புராசஸிங்’ என்ற சாப்ட்வேரின் எளிமையை இதிலும் கொண்டுவந்தார். பர்ரகானுக்கு வழிகாட்டியவர்கள் ரியாஸும், அங்கே ஆசிரியராக இருந்த மாசிமோ பான்ஸியும்.

2005இல் பான்ஸியும் அவருடைய கூட்டாளிகளும் விலை குறைந்த ஏடிமெகா8 சிப்பில் வயரிங்கை ஓட வைத்து, ஆர்டுயினோ என்ற தனித் திட்டமாக வெளியிட்டார்கள். ஊரில் இருந்த ஒரு மதுக்கடையின் பெயர்தான் போர்டுக்கு வந்தது. அந்தப் புதிய திட்டத்தில் பர்ரகான் சேர்க்கப்படவில்லை. தன் பங்கு என்ன என்பதை அவரே 2016இல் ஒரு நீண்ட கட்டுரையில் எழுதினார். ஆர்டுயினோவை வாங்குவதாக குவால்காம் நிறுவனம் 2025 அக்டோபரில் அறிவித்தது. ஒரு மாணவரின் கல்லூரித் திட்டத்திலிருந்து கிளைத்த ஒன்று இவ்வளவு தூரம் போயிருக்கிறது! மாணவர்தானே என்று எந்தத் திட்டத்தையும் அலட்சியமாகப் பார்க்கக் கூடாது. செய்தவரின் பெயரை அதிலிருந்து விட்டுவிடவும் கூடாது.

உள்ளே என்ன நடக்கிறது?

பரவலாகக் கிடைக்கும் ஆர்டுயினோ யூனோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள சிப்பின் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். புரோகிராம் வைக்க 32 கிலோபைட், ராம் 2 கிலோபைட். கிகாபைட் கணக்கில் பேசும் நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் இதன் வேலையே வேறு. ஒரு சென்சாரைப் பொருத்தினால், அதிலிருந்து வரும் 0 முதல் 5 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாக மாற்றிக் கொடுக்கும். அந்த எண் இவ்வளவுக்கு மேல் போனால் இதைச் செய் என்று நாம் எழுதி வைக்கலாம். அவ்வளவுதான் விஷயம்! ஒரு தடவை செய்ய வேண்டியதை ‘செட்டப்’ என்ற பகுதியிலும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதை ‘லூப்’ என்ற பகுதியிலும் எழுத வேண்டும்.

எந்த எண்ணில் விளக்கு எரிய வேண்டும், எவ்வளவு மெதுவாக அணைய வேண்டும் என்பதைச் சிப் சொல்லாது. அதைக் கண்ணும் காதும்தான் சொல்ல வேண்டும். வண்ணம் கலக்கும்போது ‘இன்னும் ஒரு துளி’ என்று நிறுத்தத் தெரிந்த கைக்கு இது இயல்பாக வரும்.

நம் பக்கத்துக் கதை

நான் குடியிருப்பது ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில். எங்கள் சுற்றுவட்டாரத்தைப் பற்றி வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பரில் நிறுத்தியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் வந்தது. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாராகிறது. ஷிப்ட் மாறும் நேரத்தில் சாலையில் நின்றால் கம்பெனி பஸ்களை எண்ணி முடியாது.

இதே வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. கற்காலத்து மனிதர்கள் கல்லில் கருவி செய்த இடம் வெளிப்பட்டது. சுமார் 12,000 ஆண்டுகள் பழமையானது என்று தொல்லியலாளர்கள் சொன்னார்கள். தனக்கு வேண்டிய கருவியைத் தானே செய்துகொண்டவர்கள் வாழ்ந்த மண் இது. இன்று இங்கே கருவிகள் லட்சக்கணக்கில் தயாராகின்றன. அவற்றைச் செய்பவர்களில் எத்தனை பேருக்கு, தனக்கு என்று ஒன்றைச் செய்துகொள்ள வாய்ப்பு இருக்கிறது?

ஒன்பது விசிறிகள்

எங்கள் தெருவில் ஒரு மாணவி கலைக் கல்லூரியில் படிக்கிறார். போன வருடம் கல்லூரித் திட்டத்துக்காக ஒன்பது பனையோலை விசிறிகளை மூங்கில் சட்டத்தில் வரிசையாகப் பொருத்தினார். ஒவ்வொரு விசிறிக்குக் கீழும் ஒரு சிறிய செர்வோ மோட்டார். நடுவில் ஓர் ஆர்டுயினோ, சத்தத்தை உணரும் ஒரு மைக் சென்சார். சுற்றிலும் அமைதியாக இருந்தால் விசிறிகள் மெதுவாக அசையும். சிங்கபெருமாள்கோயில் சாலையில் ட்ரெய்லர் லாரி போகும் சத்தம் கேட்டால் ஒன்பதும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். சத்தம் ஓய்ந்த பிறகு, முதலில் ஒன்று, அப்புறம் அடுத்தது என்று தயங்கித் தயங்கி அசையத் தொடங்கும். பார்த்தவர்கள் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஏரிக்கரையில் நின்ற பனைமரங்கள் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தன.

இதைச் செய்து முடிக்க அவருக்கு ஒரு மாதம் ஆனது. முதல் நாள் ஒன்பது மோட்டார்களுக்கும் போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்ததால், அசைக்கும் ஒவ்வொரு முறையும் போர்டு ரீசெட் ஆனது. மோட்டார்களுக்குத் தனியாக 5 வோல்ட் அடாப்டர் கொடுத்து, கிரவுண்டை மட்டும் போர்டுடன் இணைத்த பிறகு அது சரியானது. விசிறியின் எடை தாங்காமல் மோட்டார் முனகியது. காம்பின் அடியில் களிமண் உருண்டை வைத்து எடையைச் சமன் செய்தார். இந்த யோசனை எந்தப் புத்தகத்திலும் இருந்து வந்ததில்லை. சிற்பம் செய்து பழகிய கை சொன்னது.

அவருடைய அம்மா இந்தப் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் போர்டுகளைச் சரிபார்க்கும் பிரிவில் எட்டு வருடமாக வேலை செய்கிறார். மகளின் வயர் இணைப்புகளை ஒரு தடவை பார்த்தார். “இது ட்ரை சால்டர். இன்னொரு தடவை வைம்மா” என்றார். உண்மைதான், நாலாவது விசிறி விட்டு விட்டு ஓடியதற்கு அதுவே காரணம். நான் அவரிடம், “அக்கா, உங்களுக்கு இதெல்லாம் தினமும் பார்க்கிற வேலைதானே?” என்று கேட்டேன். “பார்க்கிறதுதான். ஆனா, இது என்ன செய்யணும்னு நாம சொல்லி ஒரு போர்டு கேக்கிறதை இப்பத்தான் பார்க்கிறேன்” என்றார்.

கல்லூரியில் அந்த மாணவியிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, “இது சிற்பமா, எலக்ட்ரானிக்ஸா? எந்தப் பிரிவில் மார்க் போடுவது?” என்பதுதான். கேட்டவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பாடத்திட்டத்தில் இதற்கு ஓர் இடம் இல்லை.

சில ஆட்சேபங்கள்

‘இன்ஜினீயரிங் கல்லூரிகளில்தான் இதைக் கற்றுத் தருகிறார்களே’ என்று சிலர் கேட்கலாம். தருகிறார்கள். ஆனால் இறுதியாண்டுத் திட்டத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள ‘ப்ராஜெக்ட் சென்டர்’கள் இருப்பது ஊருக்கே தெரியும். அறிவியல் கண்காட்சிக்குப் போனால் தடையைக் கண்டு திரும்பும் அதே ரோபோ, செடிக்குத் தண்ணீர் ஊற்றும் அதே கருவி. கிட் வாங்கி, இன்டர்நெட்டில் இருக்கும் புரோகிராமை ஏற்றினால் வேலை முடிந்தது. ஓவிய மாணவர் இப்படிச் செய்ய முடியாது. ஏனென்றால் பனையோலை விசிறிக்குக் கிட் கிடையாது! அவர் முதலில் ஒரு பொருளையோ ஓர் உணர்வையோ பிடித்துக்கொள்கிறார். அதற்குத் தேவையான எலக்ட்ரானிக்ஸைப் பிறகு தேடிக் கற்றுக்கொள்கிறார்.

‘இப்போது புரோகிராமை ஏ.ஐ. எழுதித் தருகிறதே, கற்றுக்கொள்வது எதற்கு’ என்பது அடுத்த கேள்வி. எழுதித் தரட்டும். விசிறி எவ்வளவு நேரம் தயங்க வேண்டும் என்பதைச் சட்டத்தின் முன்னால் நின்று பார்ப்பவர்தான் முடிவு செய்ய முடியும். புரோகிராம் எழுதுவது சுலபமாகிவிட்ட காலத்தில், எதைச் செய்வது என்று தெரிந்தவர்களுக்குத்தான் மதிப்பு கூடும்.

‘இதனால் வேலை கிடைக்குமா’ என்று பெற்றோர் கேட்பது நியாயம். அவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். சென்னை கவின் கலைக் கல்லூரி 1850இல் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹன்ட்டர் தொடங்கிய கலைப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. கலையும் கைத்தொழிலும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்ட இடம் அது. 1898இல் ஆல்பிரட் சாட்டர்டன் அங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். நம் வீட்டு அலுமினியக் குண்டானின் முன்னோர் ஒரு கலைப் பள்ளியின் பட்டறையிலிருந்து வந்தவர்! கலையையும் தொழிலையும் பிரித்து வைத்தது பின்னால் வந்த பழக்கம்தான்.

என்ன செய்யலாம்?

கலைக் கல்லூரிகளுக்கு என் வேண்டுகோள் பெரியதல்ல. புதிய கட்டடம் வேண்டாம், விலை உயர்ந்த லேப் வேண்டாம். ஒரு மேசை, இரண்டு சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர், பத்து போர்டுகள், ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும். மதிப்பெண் பட்டியலில் இதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள். எங்கள் பக்கத்துக் கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து பள்ளிகளுக்குப் பெஞ்சும் குடிநீர்த் தொட்டியும் தருகின்றன, நல்லதுதான். அத்துடன் இந்த மேசையையும் தரலாம். ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளர் ஒருவரை வாரம் ஒரு நாள் அங்கே ஆசிரியராக உட்கார வைக்கலாம். நல்ல சால்டர் வைப்பது எப்படி என்று அவரைவிட நன்றாகச் சொல்லித் தர யாரால் முடியும்?

வீட்டில் இருக்கும் வாசகர்களும் தொடங்கலாம். யூனோ மாதிரியான போர்டுகள் சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. சாப்ட்வேர் இலவசம். வெளிச்சத்தை உணரும் ஓர் எல்.டி.ஆர்., ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஓர் எல்.இ.டி., அதற்கு ஒரு 220 ஓம் ரெசிஸ்டர், கொஞ்சம் வயர். முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு இது போதும். ஒரே ஓர் எச்சரிக்கை: வீட்டு 230 வோல்ட் இணைப்பை இதனுடன் சேர்த்து விளையாடாதீர்கள். யு.எஸ்.பி. தரும் 5 வோல்ட்டிலேயே செய்து பார்க்க நிறைய இருக்கிறது.

வீட்டில் ஓவியம் வரையும், பொம்மை செய்யும், கோலம் போடும் பிள்ளை இருந்தால் போர்டை முதலில் அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். ‘இதை வைத்து என்ன செய்யலாம்?’ என்று கேட்காதீர்கள். ‘நீ செய்த பொம்மைக்கு என்ன தெரிய வேண்டும்?’ என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு எந்த சென்சார் வாங்குவது என்று இருவரும் சேர்ந்து யோசிக்கலாம்.